அணையின் அடியில் தவித்த மீன்கள்
டாக்டர் பிரான்சிஸ் டேயின் வாழ்க்கை

பிரான்சிஸ் டே என்றதும் சென்னைவாசிகளுக்கு ஜார்ஜ் கோட்டைதான் நினைவுக்கு வரும். 1639-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி, தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து கடற்கரை மணல் திட்டைப் பெற்று, கம்பெனியின் கொடியை நாட்டச் செய்தவர் அவர். வேங்கடாத்திரியின் சகோதரர் ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்துக் காரியங்களைக் கவனித்து வந்தார். அந்தப் பேச்சுவார்த்தையில் அவருக்கும் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். முதல் டே வந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தவர். அவர் கோட்டை கட்டவில்லை, நாடு பிடிக்கவில்லை. ஆறு ஆறாக, சந்தை சந்தையாகப் போய் மீன்களைக் கணக்கெடுத்தார். ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் ஆற்று மீன் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த நாட்டில் விடை தேடிப் புறப்பட்டார். அவர்தான் டாக்டர் பிரான்சிஸ் டே.

ராணுவ வைத்தியர்

இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் பிரதேசத்தில் மேர்ஸ்பீல்டு என்ற ஊரில் 1829-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி அவர் பிறந்தார். லண்டன் செயிண்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் படித்தார். 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் உதவி சர்ஜனாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

வந்தவுடன் பர்மா யுத்தம். காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப் போடுவதே வேலை. பிறகு பல ஊர்களுக்கு மாற்றல். கடைசியில் கொச்சிக்குப் போனார். அங்கேதான் அவருடைய வாழ்க்கை திரும்பியது.

கொச்சியில் எங்கே பார்த்தாலும் தண்ணீர். காயல், கழிமுகம், கடல். விடிந்தால் வலைக்காரர்கள் கூடை கூடையாக மீன் கொண்டுவந்து கொட்டுவார்கள். டாக்டர் அந்தக் கூடைகளின் பக்கத்தில் போய் நின்றார். ஒவ்வொரு மீனுக்கும் என்ன பெயர், எந்த மாதத்தில் வரும், எங்கே முட்டையிடும் என்று விசாரித்தார். முள்ளை எண்ணினார், செதிலை எண்ணினார், படம் வரைந்தார்.

1863-ல் கொச்சியின் வரலாற்றைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றிய புத்தகம் வெளிவந்தது. அதே ஆண்டில் உடலில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் ஓடும் ஓர் அழகிய சிறு மீனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அப்போது சென்னை கவர்னராக இருந்த ஸர் வில்லியம் டெனிஸனின் பெயரை அதற்கு வைத்தார். மிஸ் கேரளா என்று செல்லப்பெயர் பெற்று, கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் உலகமெங்கும் விரும்பும் மீன் அதுதான். கொளத்தூர் வண்ணமீன் வியாபாரிகளுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

செத்துப்போன முட்டைகள்

நீலகிரி ஓடைகளில் இங்கிலாந்து டிரவுட் மீனை வளர்க்க வேண்டும் என்று துரைமார்கள் ஆசைப்பட்டார்கள். அந்தப் பொறுப்பை டாக்டர் டே ஏற்றார். சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் நடந்த முயற்சி இது. மீன் முட்டைகளைப் பனிக்கட்டியில் வைத்து, கப்பலிலும் தரையிலுமாக உஷ்ணப் பிரதேசங்களைக் கடந்து கொண்டுவர வேண்டும். முட்டைகள் வெப்பம் தாங்காமல் அழிந்துபோயின.

டிரவுட் தோற்றது. ஆனால் அவர் முயற்சியால் வந்த டென்ச் என்னும் கெண்டை இனத்து மீன் மலை நீரில் பிழைத்தது. டிரவுட் மீன் நீலகிரியில் நிலைத்தது 1900-களில், எச்.சி. வில்ஸன் காலத்தில்தான். டே அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அணை கட்டியவர் எழுப்பிய கேள்வி

டே பெயர் நிலைத்ததற்கு வேறொரு காரியம் காரணம். அதைத் தொடங்கி வைத்தவர் ஸர் ஆர்தர் காட்டன் என்பது ஆச்சரியம். கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பிலும் அணைக்கரையிலும் 1836-ல் அணைகளை எழுப்பி, தஞ்சை நெல்வயல்களைக் காத்தவர் காட்டன். கோதாவரியைக் கட்டியவரும் அவரே. அந்தக் காட்டன்தான், அணைகள் மீன்களின் வழியை மறிக்கின்றனவா, அதனால் கடலோர மீன்வளமும் கெடுமா என்று 1867-ல் சர்க்காரின் கவனத்தைத் திருப்பினார். விசாரித்து அறிக்கை தரும் வேலை டாக்டர் டேயிடம் வந்தது.

விஷயம் என்ன? காவிரிக்கரைக்காரர்களுக்கு உல்லம் மீன் தெரியும். வங்காளிகள் உயிரை விடும் இலிஷ் மீன்தான் அது. உல்லம் வாழ்வது கடலில். ஆனால் முட்டையிட ஆற்று நன்னீர் வேண்டும். ஆடியில் புது வெள்ளம் நுரைத்துக்கொண்டு கடலில் கலக்கும்போது, அந்தத் தண்ணீரை எதிர்த்துக் கூட்டம் கூட்டமாக ஆற்றுக்குள் ஏறும். மேலே போய் முட்டையிடும். குஞ்சுகள் வளர்ந்து மீண்டும் கடலுக்கு இறங்கும். எத்தனையோ தலைமுறையாக நடந்துவந்த யாத்திரை இது.

நடுவில் ஒரு சுவர் எழும்பினால்?

வயிறு நிறைய முட்டையோடு வந்த மீன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். மேலே போக வழியில்லை. திரும்பிப் போகவும் மனமில்லை. அணையின் அடியில் மீன்கள் திரண்டு நிற்கும். வலை போடுகிறவனுக்கு அதைவிட வேட்டை ஏது? ஒரு மீனைப் பிடித்தால் ஒரு மீன் போகிறது. முட்டையிடாத தாய் மீனைப் பிடித்தால் வருங்காலமே போகிறது. பாசன வாய்க்கால்களிலும் இதே கதைதான். தண்ணீரோடு உள்ளே போன மீன், மதகு அடைத்ததும் திரும்ப வழியின்றி மாட்டிக்கொள்ளும்.

நாடெங்கும் கணக்கெடுப்பு

டே சென்னை மாகாணத்தோடு நிற்கவில்லை. ஒரிஸ்ஸா, வங்காளம், பர்மா, அந்தமான், பஞ்சாப் என்று ஆற்றோடு ஆறாகச் சுற்றினார். 1871-ல் இந்தியா முழுவதற்கும் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார்.

அவர் கையாண்ட முறை எளியது. கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். உங்கள் தாலுகாவில் மீன் பிடித்துப் பிழைப்பவர்கள் எத்தனை பேர்? சந்தைக்குப் போதிய மீன் வருகிறதா? முன்னைவிடக் கூடியதா, குறைந்ததா? மிகச் சிறிய வலைக்கண் எவ்வளவு? குஞ்சு பிடிக்கிறார்களா? பதில்கள் மூட்டை மூட்டையாக வந்தன. தாமே நேரில் போய்ப் பார்த்ததையும் அவற்றோடு ஒப்பிட்டார்.

1873-ல் இந்தியா, பர்மா நன்னீர் மீன்களைப் பற்றிய அவருடைய அறிக்கை கல்கத்தாவில் அச்சாயிற்று. பல இடங்களில் மீன் குறைந்து வருகிறது என்பதே அதன் சாரம். காரணம் அணை மட்டும் அல்ல என்பதையும் அவர் மறைக்கவில்லை. கொசுவலை போன்ற நெருக்கமான வலைகள், வயல் மடைகளில் வைக்கும் பறிகள், நீரில் கலக்கும் நஞ்சு ஆகிய எல்லாமே குஞ்சுகளை அழித்தன. முன்பு குத்தகைக்காரன் காவல் காத்த நீர்நிலைகள் சில இடங்களில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. எல்லோருக்கும் சொந்தமானதை யாரும் காக்கவில்லை.

அவர் கேட்டவை பெரிய காரியங்கள் அல்ல. அணைகளில் மீன் ஏற ஒரு வழி விட வேண்டும். வலைக்கண்ணுக்கு ஓர் அளவு வேண்டும். குஞ்சு பிடிப்பதைத் தடுக்க வேண்டும். நிலைப் பறிகளை எடுக்க வேண்டும்.

எதிர்ப்பு

சர்க்கார் உடனே செய்ததா? இல்லை. ஏழைகள் வாயில் மண் போடுவதாகும் என்று பல அதிகாரிகள் தடுத்தார்கள். அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வயல் மடையில் பறி வைத்து நாலு கெண்டை பிடித்துக் குழம்பு வைக்கும் கூலிக்காரனுக்கு, சட்டம் என்றால் போலீஸ்காரன்தான். இன்றைய சோறா, நாளைய மீனா என்ற இந்த வழக்கு அன்று தீரவில்லை. இன்றும் தீர்ந்தபாடில்லை.

1877-ல் டே பணியிலிருந்து ஓய்வு பெற்றார். இங்கிலாந்தில் செல்ட்டனாம் நகரில் குடியேறினார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றிய அவருடைய மாபெரும் நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் 195 படத்தாள்கள் உண்டு. லத்தீன் பெயரோடு நில்லாமல், தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளி என்று மீனவர் நாவில் வழங்கும் பெயர்களையும் அதில் பதிந்து வைத்தார். படிப்பறியாத வலைக்காரர்களின் அறிவு அப்படி அச்சில் ஏறியது. 1889-ல் வெளியான இரண்டு தொகுதிகளில் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட மீன் இனங்களை வருணித்தார்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன் பிரிவைக் கவனித்த ஆல்பர்ட் குந்தர் என்ற அறிஞருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1883-ல் லண்டனில் நடந்த சர்வதேச மீன்வளக் கண்காட்சியில் இந்தியாவின் சார்பில் டே கமிஷனராக இருந்தார். அந்த ஆண்டில், தாம் ஆயுள் முழுதும் சேர்த்த மீன் சேகரிப்பின் பெரும் பகுதியைக் கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்கு விற்றுவிட்டார். கொள்ளிடத்து மீனையும் கொச்சி மீனையும் ஆராய விரும்புகிறவர் சிட்னி மியூசியத்துக்கு எழுத வேண்டிய நிலை அப்படித்தான் வந்தது.

1889-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி புற்றுநோயால் டே காலமானார். வயது 60. அவருடைய யோசனைகளில் ஒரு பகுதி எட்டு ஆண்டுகள் கழித்துச் சட்டமாயிற்று. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கியது. 1907-ல் ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் முயற்சியால் சென்னையில் மீன்வளத்துக்குத் தனி இலாகா ஏற்பட்டது.

மேட்டூர் தந்த பாடம்

டே பார்த்தவை பாசன அணைகள். பெருவெள்ளம் வந்தால் அவற்றைத் தாண்டித் தண்ணீர் வழிந்தோடும். பின்னால் வந்தவை மலைபோன்ற நீர்த்தேக்கங்கள். 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. அங்கே 1937-ல் மின்சாரமும் பிறந்தது. லட்சக்கணக்கான ஏக்கர் விளைந்தது. ஆலைகள் ஓடின. இதை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் ஆடியில் கடலைத் தேடி ஓடிய புதுவெள்ளம் அணைக்குள் தங்கிவிட்டது. உல்லத்தை அழைத்த குரலே அந்த வெள்ளம்தான். கொள்ளிடத்து உல்லம் மீன்பிடிப்பு தேய்ந்து போயிற்று.

சென்னை மீன்வள இலாகாவின் டைரக்டராக இருந்த பி. சுந்தரராஜ் இதை ஆராய்ந்தார். மேட்டூர் இந்தியாவுக்குக் கற்பிக்கும் பாடம் என்ன என்று 1941-ல் கட்டுரை எழுதினார். அணைக்கு மேலே நஷ்டத்தோடு லாபமும் உண்டு. கோதாவரியிலிருந்து கொண்டுவந்த கட்லா மீன் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நன்றாகச் செழித்தது. ஆனால் வந்த மீன் போன மீனுக்கு ஈடாகுமா என்பது வேறு கணக்கு.

மீன் ஏணி வைத்தால் தீராதா என்று கேட்கலாம். ஏணி என்பது படிப்படியாகத் தண்ணீர் விழும் தொட்டிகள். ஐரோப்பாவின் சால்மன் மீன் துள்ளித் துள்ளி ஏறிவிடும். உல்லம் அப்படித் துள்ளும் மீன் அல்ல. சால்மனுக்குத் தைத்த சட்டை உல்லத்துக்குப் பொருந்தவில்லை. எந்த மீன், எந்த மாதம், எவ்வளவு நீரில் ஏறும் என்று முதலில் கணக்கெடுத்தால்தான் அதற்கேற்ற வழி அமைக்க முடியும்.

கங்கையில் 1975-ல் பராக்கா அணை திறந்த பிறகு அலகாபாத் வரை ஏறி வந்த இலிஷ் மறைந்ததும் இதே கதைதான். 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், அணைக்குக் கீழே பிடித்த மீன்களை மேலே கொண்டுபோய் விட்டு, சிலவற்றுக்கு அடையாள வில்லை பொருத்தி, எங்கே போகின்றன என்று கவனித்து வருகிறார்கள்.

சென்னையின் மேற்குப் புறமும் இந்தக் கேள்விக்கு அப்பாற்பட்டது அல்ல. கொசஸ்தலை ஆற்றில் 1944-ல் பூண்டி அணை எழுந்தது. நகரத்துக்குக் குடிநீர் வந்தது. கீழ் ஆற்றில் வெள்ளம் குறைந்தது. ஆவடி, அம்பத்தூர் ஏரிகளிலும் செம்பரம்பாக்கத்திலும் எந்த மீன் கூடியது, எந்த மீன் குறைந்தது என்பதை ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

கேரளக் காயல்களில் வாழும் ஒரு சின்னஞ்சிறு மீன் இனத்துக்கு டாயெல்லா என்று அறிஞர்கள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அது டேயின் பெயர். ஒரு டேயின் பெயர் கோட்டையோடு சேர்ந்து நிற்கிறது. மற்றவர் பெயர் விரல் நீள மீனோடு நீந்துகிறது. அணை வேண்டும், மீனும் வேண்டும் என்றால் இரண்டையும் கணக்கில் வைக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்துவிட்டுப் போனவர் இரண்டாமவர்.