ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த இயந்திர வல்லுநர், பேருந்துத் தொழிலின் முன்னோடி, கண்டுபிடிப்பாளர், கொடையாளர் ஆவார். இந்தியாவின் எடிசன் என்ற அடைமொழியாலும் இவர் குறிக்கப்படுகிறார். தொடக்கக் கல்வியைத் தாண்டாத இவர், இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவர். நான்காண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது என்று பின்னாளில் வாதிட்டு, அது ஏற்கப்படாததால், தாம் உருவாக்க உதவிய பொறியியல் கல்லூரியின் முதல்வர் பதவியையே துறந்தார்.

இளமை

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டமில்லாததால் தந்தையின் தோட்டத்தில் வேலை செய்து வந்தார். ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டதே இவரது வாழ்க்கையின் திருப்புமுனையாக அமைந்தது. மாடோ குதிரையோ இன்றித் தானே ஓடும் அந்த வண்டியை வாங்குவதற்காகக் கோயம்புத்தூர் உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராகச் சேர்ந்து, ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேமித்தார். வண்டி கைக்கு வந்ததும் இவர் அதை ஓட்டி மகிழ்வதோடு நிற்கவில்லை. அதன் உறுப்புகளை முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டினார். அதன் வாயிலாக விசைவண்டிப் பழுது பார்ப்பவர் ஆனார்.

பொள்ளாச்சி - பழனி பேருந்து

1920 ஆம் ஆண்டில் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். இதற்குக் கோயம்புத்தூரின் தொழிலதிபர் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் உதவினார். பழனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985 இல் திண்டுக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் அதில் சேர்ந்தது. திண்டுக்கல் - பொள்ளாச்சி இருப்புப்பாதை 1928 இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை பழனி முருகன் கோயிலுக்கு மேற்கிலிருந்து வருவோர் மாட்டு வண்டியையும் கால்நடையையுமே பெரிதும் நம்பியிருந்தனர். உடுமலைப்பேட்டை வழியாகச் செல்லும் இவ்வழி அறுபது கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், வடமதுரை வரை விரியும் சமவெளியைப் போலவே இதுவும் மழை குறைந்த, புழுதி மிகுந்த நிலம். வழியில் வண்டி நின்றால் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது. ஓட்டுநரே பழுது பார்ப்பவராகவும் இருக்க வேண்டியிருந்தது.

அக்கால வண்டிகளின் மின்பழுதுகள்

நாயுடு தொழில் தொடங்கிய ஆண்டுகள், விசைவண்டிகளின் தீமூட்டு முறை மாறிக்கொண்டிருந்த காலமாகும். பழைய வண்டிகளில் மேக்னட்டோ என்னும் கருவி இயந்திரத்துடன் சேர்ந்து சுழன்று தானே மின்சாரம் உண்டாக்கியது. அதற்கு பேட்டரி தேவையில்லை. 1920களில் பேட்டரியும் காயிலும் கொண்ட முறை பரவியது. இதில் பேட்டரியின் ஆறு அல்லது பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் காயிலில் பாய்கிறது. தொடுமுனைகள் அதைத் துண்டிக்கும் கணத்தில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுந்து, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் பொறியாகத் தாவுகிறது.

இம்முறையில் பேட்டரி தளர்ந்தால் பொறியும் தளரும். டைனமோவின் பட்டை தொய்ந்தாலோ, அதன் கரித்துண்டுகள் தேய்ந்தாலோ பேட்டரிக்கு ஏறும் மின்சாரம் குறையும். ஆறு வோல்ட் பேட்டரிக்கு ஏழு வோல்ட்டுக்குச் சற்று மேலும், பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ பதினான்கு வோல்ட்டும் கிடைத்தால்தான் அது நிறையும். மிகுந்தாலும் தீங்குதான்: பேட்டரி நீர் வற்றும், விளக்குகள் எரிந்துபோகும். ஆகவே பகலில் நன்றாக ஓடிய வண்டி, இரவில் முகப்பு விளக்கு எரியும்போது திக்கித் திணறினால், அறிந்தவர் முதலில் பார்ப்பது டைனமோவை.

எந்தச் சிலிண்டரில் பொறி தவறுகிறது என்பதை அறிய எளிய வழி ஒன்று இருந்தது. மரப்பிடி கொண்ட திருப்புளியால் ஒவ்வொரு பிளக்கின் முனையையும் இயந்திரத்தின் உடலோடு இணைத்துப் பார்ப்பர். ஒலி மாறினால் அச்சிலிண்டர் அதுவரை வேலை செய்தது. மாறாவிட்டால் பழுது அங்கேயே. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். எனவே நிற்கும்போது சீராக உறுமும் வண்டி, ஆள் ஏற்றி மேடு ஏறும்போது தவறலாம். இன்றைய பந்தய வண்டிகளிலும் அதிவேகக் கார்களிலும் கணினி பழுதைப் பதிவு செய்கிறது என்றாலும், காரணங்கள் பெரும்பாலும் இவையே.

யூ. எம். எஸ். நிறுவனம்

ஒற்றைப் பேருந்து சில ஆண்டுகளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யூ. எம். எஸ்.) என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ஒழுங்கான பராமரிப்புக்கும் நேரந்தவறாமைக்கும் அது பெயர் பெற்றது. பேருந்துத் தொழிலின் தேவைகளிலிருந்தே இவரது பிற தொழில்கள் கிளைத்தன எனலாம். ரேடியேட்டர் செய்யும் தொழிலகமும், மோட்டார், டைனமோ முதலியவற்றின் ஆர்மேச்சருக்குக் கம்பி சுற்றும் தொழிலகமும் இவரது முயற்சிகளில் அடங்கும். 1937 இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். கோயம்புத்தூர் பின்னர் மோட்டார், பம்பு உற்பத்தியில் முன்னணி நகரமானதற்கு இது ஒரு தொடக்கம்.

உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் ஆகியன இவரது பிற ஆக்கங்கள். ஒளிப்படக் கலையிலும் ஈடுபாடு கொண்ட இவர் 1936 இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார்.

1952 இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். அரசு உரிமம் கிடைக்காததால் உற்பத்தி நின்றது. நடுத்தர வருவாயினருக்கான மலிவு விலைக் கார் பற்றிய பேச்சு நாட்டில் எழுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே கோயம்புத்தூரில் அது உருவாகி, முடங்கியும் போனது.

கல்விப் பணியும் பதவி விலகலும்

1945 இல் கோயம்புத்தூரில் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் தொடங்கப்பட நாயுடு பெருங்கொடை அளித்தார். இவற்றுள் ஒன்றே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். பட்டமில்லாத ஒருவர் பொறியியல் கல்லூரி முதல்வரானது வியப்புக்குரியது. ஆனால் நான்காண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குவதாக அவர் கருதினார். இரண்டு ஆண்டுகள் போதும் என்றும், குறுகிய காலப் பயிற்சிகளும் வேண்டும் என்றும் கூறினார். பிரித்தானிய அரசு ஏற்கவில்லை, நாயுடு விலகினார். அடிப்படைக் கணிதமும் அறிவியலும் அத்தனை குறுகிய காலத்தில் அடங்குமா என்ற ஐயம் நியாயமானதே. எனினும் பழுதுற்ற இயந்திரத்தைத் தொடாமலே பட்டம் பெறும் நிலை குறித்த அவரது மனக்குறை இந்தியத் தொழிற்கல்வி பற்றிய விவாதங்களில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது.

இறுதிக் காலம்

பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆய்வுகள் நடத்தினார். 1967 இல் கோயம்புத்தூரில் நிலையான தொழிற்கண்காட்சி ஒன்றை அமைத்தார். 1974 சனவரி 4 அன்று காலமானார். இவரது பெயரிலான அறக்கட்டளை 2015 இல் கோயம்புத்தூரில் பழைய கார்களின் அருங்காட்சியகத்தைத் திறந்தது. அந்நகரின் அவிநாசி சாலையில் 2025 இல் திறக்கப்பட்ட உயர்மட்ட மேம்பாலத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.