பொற்கூரை வேய்ந்த பராந்தகன்... உலகம் பேசுவதோ உத்திரமேரூர் கல் மண்டபத்தை! பின்னணி என்ன?

குடவோலை என்றதுமே நினைவுக்கு வரும் ஊர் உத்திரமேரூர். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தூரம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம் பார்க்க ரொம்ப எளிமையானது. வானுயர்ந்த கோபுரம் இல்லை. ஆனாலும் ஊர் உலகமெல்லாம் அதைப் பற்றிப் பேசுகிறது. காரணம், அதன் சுவரில் இருக்கும் எழுத்து. அது வெட்டப்பட்டது முதலாம் பராந்தக சோழன் காலத்தில்.

யார் இந்த பராந்தகன்?

முதலாம் ஆதித்த சோழனின் மகன், ராஜராஜ சோழனுக்குக் கொள்ளுத்தாத்தா. கி.பி. 907-ல் ஆட்சிக்கு வந்து சுமார் 48 ஆண்டுகள் ஆண்டவர். சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரி, இவருடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது.

பட்டமே விளம்பரம்

பேப்பர், டிவி இல்லாத காலம். மன்னரின் பெயரை மக்களிடம் கொண்டு சேர்த்தது கோயில் சுவர்தான். விளக்கு எரிக்க ஆடு கொடுத்தாலும், நிலம் கொடுத்தாலும், கல்வெட்டு மன்னரின் வெற்றிப் பட்டத்தோடுதான் தொடங்கும். பாண்டியன் ராஜசிம்மனை வென்றதும், மதுரை கொண்டவர் என்ற பட்டம் ஊர் ஊராகப் போனது. பிறகு அதில் ஈழமும் சேர்ந்தது.

ஆனால் ராஜசிம்மன் இலங்கையில் விட்டுச் சென்ற பாண்டிய மணிமுடி, பராந்தகன் படை அனுப்பியும் கைக்கு வரவில்லை. அது சோழர் கைக்கு வந்தது ராஜேந்திரன் காலத்தில்தான். அதையெல்லாம் பட்டம் சொல்லாது!

கட்டடத்திலும் இதே கதைதான். தில்லை நடராஜர் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவர் என்று பிற்காலச் சோழர் செப்பேடுகள் பராந்தகனைப் புகழ்கின்றன.

உத்திரமேரூரில் நடந்தது என்ன?

இங்கே புகழுரை குறைவு, விதிமுறைதான் அதிகம். கி.பி. 919-ல் ஒரு கல்வெட்டு. இரண்டே வருஷத்தில், 921-ல் திருத்தத்தோடு இன்னொன்று. வயது வரம்பு 30 முதல் 60 என்று இருந்தது, 35 முதல் 70 என மாறியது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய சொந்தங்களுக்கும் கிடையாது.

கவனிக்க வேண்டியது, இந்த முடிவை எடுத்தது ஊர்ச்சபை. அரசு அதிகாரி உடன் இருந்தார், அவ்வளவுதான். ஓலை எடுக்கும் வழக்கமும் புதுசு இல்லை. அகநானூற்றிலேயே குறிப்பு உண்டு. ஆக, குடவோலையைக் கண்டுபிடித்தவர் பராந்தகன் என்ற தலைப்புச் செய்தி சரியல்ல.

சரிந்த கடைசிக் காலம்

கி.பி. 949-ல் தக்கோலம் போர். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதியபோது, யானை மேலிருந்தபடியே பராந்தகனின் மகன் ராஜாதித்தன் உயிரிழந்தார். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. அதே பகுதிக் கோயில் சுவர்களில், கச்சியும் தஞ்சையும் கொண்டவர் என்று கிருஷ்ணனின் பட்டம் ஏறியது. சுவர் அதேதான், விளம்பரம் மட்டும் மாறிவிட்டது.

மண்டபம் பிரபலமானது எப்படி?

19-ம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டுத் துறையினர் இதைப் படியெடுத்தார்கள். வெங்கையா எழுதிய கட்டுரை, தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வந்தது. அடுத்து நீலகண்ட சாஸ்திரி எழுதினார். பிறகு பாடப்புத்தகம். 2020 டிசம்பர் 10-ம் தேதி, புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமர் மோடி உத்திரமேரூரைக் குறிப்பிட்டதும் கேமராக்கள் இந்த ஊர் பக்கம் திரும்பின.

இந்தப் பயணத்தில் பாதி விஷயம் விடுபட்டுப் போனது. இது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு இருந்தால்தான் பெயர் ஓலையில் ஏறும். வேத அறிவு அதிகம் இருந்தால் அரைக்கால் வேலி போதும் என்ற சலுகை உண்டு. வயலில் உழைத்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. கணக்குக் காட்டாதவரை ஒதுக்கிய விதியும், உழைத்தவரை ஒதுக்கிய விதியும் ஒரே சுவரில்தான் இருக்கின்றன. வைரலாவது முதல் விதி மட்டும்தான்.

அதே ஊரில் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலும் இருக்கிறது. பல்லவர் காலக் கட்டுமானம். மூன்று தளங்கள், மூன்றிலும் கருவறை; பெருமாள் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் காட்சி தருகிறார். கட்டடக் கலைக்காகவே பார்க்க வேண்டிய கோயில். ஆனால் தலைப்புச் செய்தி ஆகும்படி ஒற்றை வரி அதற்கு அமையவில்லை. உத்திரமேரூர் போகிறவர்கள் கல்வெட்டைப் பார்த்த கையோடு அங்கேயும் ஒரு எட்டுப் போய் வரலாம்.