முப்பது வயதில் ஒரு வெள்ளிப் பதக்கம்: டங்கன் வைட்டும் நமது தோட்டத்துப் பிள்ளைகளும்

1948 ஜூலை 31. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தின் இறுதிப்போட்டி. அமெரிக்காவின் ரோய் கொக்ரன் 51.1 செக்கன்களில் முதலாவதாக வந்தார். 51.8 செக்கன்களில் இரண்டாவதாக வந்தவர் டங்கன் வைட். சில மாதங்களுக்கு முன்னர்தான் சுதந்திரம் பெற்றிருந்த இலங்கை, ஏழு பேருடன் முதன்முதலாக ஒலிம்பிக்கிற்குச் சென்று பதக்கத்துடன் திரும்பியது. பொது அறிவு வினாக்களில் இது தவறாமல் வரும். ஆனால், அன்று அவருக்கு வயது 30 என்பதை நாம் பேசுவதில்லை.

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் ஓட்டப் பயிற்சி கொடுத்து வருபவன் என்பதால், அந்த வயது எனக்கு முக்கியமானது. எங்கள் பிள்ளைகள் பலரின் கதை 15 வயதிலேயே முடிந்துவிடுகிறது. வலய மட்டப் போட்டியில் ஒருமுறை ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வந்தால் போதும், இவன் தேற மாட்டான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி முடிவு கட்டுபவர்களுக்கு நான் சொல்லும் வாழ்க்கைக் கதை டங்கன் வைட்டுடையது.

அவர் 1918 மார்ச் 1ஆம் திகதி களுத்துறை மாவட்டத்தின் லத்பந்துர என்ற ஊரில் பிறந்தார். படித்தது கண்டி திரித்துவக் கல்லூரியில். நல்ல மைதானமும் விளையாட்டுப் பாரம்பரியமும் கொண்ட பாடசாலை அது. 1940இல் ஒலிம்பிக் நடந்திருந்தால் அவருக்கு 22 வயது. 1944இல் நடந்திருந்தால் 26. ஓட்டக்காரன் ஒருவனின் பொற்காலம் என்று எல்லோரும் சொல்லும் வயது. இரண்டாம் உலகப் போர் அந்த இரண்டு ஒலிம்பிக் போட்டிகளையும் இல்லாமல் செய்துவிட்டது. அவர் இராணுவத்தில் சேவையாற்றினார். மேஜர் என்ற பதவி பின்னாளில் அவருடைய பெயரோடு சேர்ந்தே வழங்கியது. வெம்ப்ளியில் அவரை முந்திய கொக்ரனும் 29 வயதுக்காரர்தான். அதே போர் அவருடைய இளமையையும் தின்றிருந்தது.

இந்த ஓட்டத்தின் தன்மையையும் பார்க்க வேண்டும். 91.4 சென்றிமீற்றர் உயரமான பத்துச் சட்டவேலிகள். முதலாவதற்கு 45 மீற்றர் தூரம், பிறகு ஒவ்வொன்றுக்கும் இடையில் 35 மீற்றர், கடைசியில் 40 மீற்றர். ஒவ்வோர் இடைவெளிக்கும் எத்தனை எட்டு, எந்தக் காலால் எழும்புவது, களைப்பில் எட்டுக் குறுகும்போது எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் வேகத்தால் மட்டும் வருவதில்லை. பல வருடப் பழக்கத்தால் உடம்பில் ஊறுவது. 15 வயதில் ஒருவனைப் பார்த்து இதை அளந்துவிட முடியாது.

பதக்கத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1950இல் ஒக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் 440 யார் சட்டவேலி ஓட்டத்தில் 52.5 செக்கன்களில் தங்கம் வென்றார். அப்போது 32 வயதை எட்டிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் லஃபரோவில் உடற்கல்வி கற்று, பின்னர் நைஜீரியாவில் பணியாற்றினார். இறுதிக் காலத்தை இங்கிலாந்தில் கழித்து, 1998 ஜூலையில் 80 வயதில் காலமானார். இலங்கையின் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2000ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க வென்றது. 52 வருட இடைவெளி. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

தமிழர்களில் இதற்கு நெருங்கிய உதாரணம் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952இல் 17 வயதில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். பதக்கம் கிடைக்கவில்லை. அன்றே அவரைக் கைவிட்டிருந்தால், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குத் தங்கம் கிடைத்திருக்காது.

ஆனாலும் டங்கன் வைட்டின் கதையைச் சொல்லிவிட்டு, பொறுத்திருங்கள் என்று மட்டும் எங்கள் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மலையகத்தாரிடம் எல்லோரும் பொறுமையைத்தான் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிப் பதக்கம் வந்த அதே 1948இல் தான் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. கண்டியில் படித்தவர் நாட்டின் பெயரில் பதக்கம் வாங்கினார். கண்டிக்கு மேலேயுள்ள மலைகளில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு நாடே இல்லாமல் போனது.

காத்திருப்பதற்கும் வசதி வேண்டும். டங்கன் வைட்டுக்குப் பின்னால் ஒரு கல்லூரி இருந்தது, பின்னர் தொழில் இருந்தது, தொடர்ந்து ஓட இடம் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் உடம்பே பிந்தித்தான் வளர்கிறது. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் சுமார் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் சுமார் 32 சதவீதம். அந்தப் பிள்ளையை 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த நகரத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஓடவிட்டுத்தான் திறமையை அளக்கிறோம்.

என்னிடம் ஓடிய ஒரு பையன் 15 வயதில் ஏழாவதாக வந்தான். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். தீபாவளிக்கு ஊர் வந்தபோது என்னைவிட உயரமாக நின்றான், கால்கள் நீண்டிருந்தன. பயிற்சிக்கு வா என்று கூப்பிட அப்போது நேரம் தாண்டிவிட்டது. வீட்டுக்கு அவனுடைய சம்பளம் தேவைப்பட்டது.

அதனால் நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஒரு பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடுவதற்கு முன்பு, போன வருடத்து நேரத்தோடு ஒப்பிடுங்கள். உயரத்தையும் நிறையையும் வருடத்துக்கு இரண்டு முறை குறித்து வையுங்கள். பயிற்சி நாளில் ஒரு முட்டையும் கடலையும் கொடுங்கள். முக்கியமாக, சாதாரண தரத்தோடு பாடசாலையை விட்டுப் போகிறவர்களுக்கும் 20 வயது வரையாவது ஒரு மைதானமும் ஒரு பயிற்றுநரும் ஒரு சிறு கொடுப்பனவும் கிடைக்கச் செய்யுங்கள். தோட்டத்து விளையாட்டுக் கழகங்களும் பிரதேச சபைகளும் நினைத்தால் இதைச் செய்யலாம். அதன் பிறகும் அவர்களால் முடியாவிட்டால், அப்போது தீர்ப்புச் சொல்லலாம்.