ஸ்லிப்பர் ஆர்க்கிடுக்குப் பெயர் வைத்த வன அதிகாரி

போன ஆடி மாதம் போடியில் ஏலக்காய் விவசாயி ஒருவர் தம் வீட்டு வராண்டாவில் இருந்த தொட்டி ஒன்றைக் காட்டினார். மகள் ஏதோ மலர்க் கண்காட்சியில் வாங்கி வந்த ஸ்லிப்பர் ஆர்க்கிட். இலைகள் சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி தேறவில்லை என்று வருத்தப்பட்டார். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் இருந்த வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. மேலே வந்த புதுக்குருத்தின் வேர்களோ கலவையைத் தொடாமல் காற்றில் காய்ந்து கிடந்தன. ஒரே செடியில் பாதி தண்ணீரில் மூழ்கியும் பாதி தண்ணீர் கிடைக்காமலும் இருந்தது.

இந்தச் செடி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வேண்டுமானால், இதன் உறவினச் செடி நம் மலையில் எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் வைத்த மனிதரையும் நீங்கள் தெரிந்துகொள்ளலாம். அவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம்.

பெடோம் 1830-ல் லண்டனில் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர். மகனும் சட்டம் படிக்க வேண்டும் என்பது வீட்டு ஏற்பாடு. மகன் கேட்கவில்லை. 18 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டார். படையில் இருந்தபோதும் அவருடைய நாட்டம் செடிகளின் மேல்தான். 1850-களில் சென்னை மாகாணத்தில் வனத்துறையை உருவாக்கிய கிளெக்ஹார்ன், தமக்கு உதவியாளராக இந்த இளம் அதிகாரியைத் தேர்ந்தெடுத்தார். பிற்பாடு கிளெக்ஹார்னின் பதவிக்கே வந்து, 1882 வரை மாகாணத்தின் காடுகளுக்குத் தலைமை அதிகாரியாக இருந்தார்.

தேனிக்காரர்களுக்கு அவர் அந்நியர் அல்ல. தொடக்க காலத்திலேயே அவர் எழுதி வெளியிட்ட நீண்ட தாவரப் பட்டியல்களில் ஒன்று பழனி மலையைப் பற்றியது. பெரியகுளத்தில் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிறதே, அதே மலைதான். அன்று கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும்தான் ஏறுவார்கள்.

ஆனைமலை, நீலகிரி, திருவிதாங்கூர் எல்லை மலைகள் என்று அவர் அலையாத இடம் குறைவு. மரங்களுக்கு ஒரு நூல், பெரணிகளுக்குத் தனி நூல், அரிய செடிகளுக்குப் படத் தொகுதி என்று எழுதிக் குவித்தார். அவற்றுக்குப் படம் வரைந்தவர்களில் கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியரும் ஒருவர். கோவிந்துவைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை, அது நம் குறை. பாம்பு, தவளை, பல்லி என்று பெடோம் சேகரித்து விவரித்தவையும் பல. ஏலத்தோட்டத்தில் மண்ணைக் கிளறும்போது, வால்முனையைச் சீவிவிட்டது போன்ற சிறு பாம்பு வருமே, விஷமில்லாதது, அந்த வகைப் பாம்புகளில் அவர் பெரிய நிபுணர்.

அவரை வெறும் இயற்கை அன்பராக எண்ணிவிட வேண்டாம். அவருடைய துறை காட்டைக் காத்ததற்குக் கப்பலுக்கும் ரயிலுக்கும் மரம் தேவைப்பட்டதும் ஒரு காரணம். மலைவாழ் மக்களின் காட்டு உரிமைகள் சுருங்கியதும் இதே காலத்தில்தான். சென்னை வனச்சட்டம் வந்த 1882-தான் அவர் பொறுப்பிலிருந்து விலகிய ஆண்டும்.

இனி அந்த ஆர்க்கிட். 1865-ல் திருநெல்வேலிக்கும் திருவிதாங்கூருக்கும் இடைப்பட்ட மலையில் கர்னல் டிரூரி என்ற ராணுவ அதிகாரி அதைக் கண்டார். மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்புக் கோடு, கீழே செருப்பு முனை போன்ற பை. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஸ்லிப்பர் ஆர்க்கிட் இதுதான். பெடோம் 1874-ல் தம் படத் தொகுதியில் இதை முறையாக விவரித்து, கண்டவர் பெயரையே வைத்தார். இன்று அதன் பெயர் பாஃபியோபெடிலம் டிரூரி.

அகத்தியமலைப் பகுதியில் சுமார் 1,400 மீட்டருக்கு மேல், பாறையும் புல்லும் கலந்த திறந்த சரிவில் இது வளர்கிறது. மழை கொட்டும், ஆனால் வேரடியில் ஒரு நாழிகைகூட நிற்காது. மட்டத்தண்டு தரையோடு ஊர்ந்து சென்று, முந்தைய குருத்திலிருந்து தள்ளி அடுத்த குருத்தை விடும். சரிவில் அதற்கு இடம் இருக்கிறது, தொட்டியில் இல்லை. அதனால் குருத்து விளிம்புக்கு மேல் ஏறி நிற்கும். போடி வீட்டுச் செடி கலப்பினம், அதில் இந்த ஊரும் குணம் குறைவு. ஆனாலும் நாள்பட்ட தூர் மேலே எழும்பி வேர் காய்வது அதிலும் உண்டு.

அங்கே செய்ததைச் சொல்கிறேன், உங்களிடமும் இப்படி ஒரு செடி இருந்தால் செய்து பாருங்கள். அழுகிய வேரைச் சுத்தமான கத்தியால் நீக்கினோம். தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பலமுறை ஊறவைத்து உப்பை வடித்து, கரித்துண்டும் சிறு கல்லும் சேர்த்து, ஆழமில்லாத அகலத் தொட்டியில் நட்டோம். குருத்தின் அடிப்பகுதி கலவைக்குள் லேசாகப் புதைய வேண்டும், அதுதான் முக்கியம். மற்ற பல ஆர்க்கிடுகளைப்போல் இதற்குத் தண்ணீர் சேமிக்கும் தடித்த தண்டு கிடையாது. அதனால் முழுக்கக் காயவும் விடக்கூடாது, தேங்கவும் விடக்கூடாது. கலவையில் விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீர் நல்லது. இலைகளின் நடுக்குழியில் தண்ணீர் நிற்க வேண்டாம்.

வெளிச்சம் ஏலத்தோட்டத்து நிழல் அளவு போதும், உச்சி வெயில் ஆகாது. நம் பள்ளத்தாக்கில் பெரிய எதிரி ஆடிக்காற்று. மேற்கு ஜன்னலில் வைத்தால் எவ்வளவு ஊற்றினாலும் இலை வாடும். கிழக்கு ஜன்னலுக்கு மாற்றி, ஈரக்கல் பரப்பிய தட்டின்மேல் தொட்டியை வையுங்கள். கல் மட்டும் நனைய வேண்டும், தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. புது வேர் தெரியும்வரை உரம் வேண்டாம். பிறகும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு போதும். ஒரு குருத்து ஒரு தடவைதான் பூக்கும், அதன் பக்கக்குருத்துதான் அடுத்த பூ. பூத்து முடிந்த குருத்தைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

பெடோம் இங்கிலாந்து திரும்பி லண்டனில் குடியேறினார். வீட்டுக்கு அவர் வைத்த பெயர் சிஸ்பாறை. அது நீலகிரியில் ஒரு மலைக்கணவாயின் பெயர். நம் மலைச்செடிகளை அந்த வீட்டிலும் வளர்த்துப் பார்த்தார். 1911-ல் அங்கேயே இறந்தார்.

பெயரும் இருப்பிடமும் அச்சில் வந்த செடிக்கு நேர்ந்ததுதான் சோகம். 1870-களிலேயே செடிகள் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளுக்குப் போய்விட்டன. அதன்பின் நூறு ஆண்டுக் காலம் சேகரிப்பவர்கள் பறித்துப் பறித்து, மலையில் அற்றே போனது என்று கருதும் நிலை வந்தது. பிறகு சில இடங்களில் மீண்டும் தென்பட்டது. திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் ஆய்வகத்தில் நாற்றுகளை வளர்த்து மலையில் திரும்ப நட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் தாவரங்களையும் சேர்த்தபோது பட்டியலில் 6 வகைகளே இருந்தன. ஸ்லிப்பர் ஆர்க்கிடுகள் அதில் ஒன்று. இன்னொன்று, ஆந்திர மலைகளில் வளரும், பெடோமின் பெயரையே தாங்கிய சைகஸ்.

ஆகவே செடி வாங்குமுன் நர்சரியின் உரிமத்தைப் பாருங்கள், ரசீது கேளுங்கள். ஒரே அளவில், சுத்தமான இலையோடு, நாற்றுத் தொட்டியில் வளர்ந்த செடி என்றால் நர்சரிச் செடியாக இருக்கலாம். பாசியும் மலைமண்ணும் ஒட்டிய, வேர் பிய்ந்த செடியைச் சாலையோரத்தில் விற்றால் வாங்காதீர்கள், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். போடி விவசாயியின் மகளிடம் ரசீது இருந்தது. மூன்று மாதம் கழித்துப் போனபோது செடியில் பூ இல்லை. குருத்தின் அடியில் பழுப்புநிற ரோமம் படர்ந்த இரண்டு புது வேர்கள் கலவைக்குள் இறங்கியிருந்தன.