ரேகைகளுக்கு எண் தந்தவர்

நுழையும்முன்

கைநாட்டு என்னும் சொல் நம்மிடையே நெடுங்காலம் கல்லாமையின் அடையாளமாக வழங்கி வந்தது. கையொப்பமிடத் தெரியாதவரே விரலை மையில் தோய்த்தனர். இன்றோ கற்றவரும் கல்லாதவரும் வேறுபாடின்றி விரல் பதிக்கின்றனர். விரல் ரேகைக்கு இத்தகைய மதிப்பு எப்படி வந்தது? அதன் பின்னே கணிதம் பயின்ற ஓர் இந்திய இளைஞரின் உழைப்பு இருக்கிறது. அவருடைய வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு அப்பால் உள்ள பூம்பாறையில், மலைச்சரிவைப் படிக்கட்டுகளாக வெட்டி வெள்ளைப்பூண்டு பயிரிடுகின்றனர். மண்ணையும் கல்லையும் நாள்தோறும் அளைவோரின் விரல்நுனிகள் தேய்ந்துபோவது இயல்பு. நியாயவிலைக் கடையிலுள்ள கருவி அத்தகைய விரல்களைச் சில வேளைகளில் அறிந்துகொள்ளத் தடுமாறும். ஆனால் சிறிது காலம் வேலையின்றி ஓய்ந்திருந்தால், தேய்ந்த வரிகள் மீண்டும் எழும். முன்பிருந்த அதே வளைவோடும் அதே கிளைகளோடும் எழும். தோலின் அடிப்பகுதியில் வேர்கொண்ட வடிவம் ஆதலின் மேற்புறத் தேய்மானம் அதனை அழிப்பதில்லை. ஆழ்ந்த காயத்தின் தழும்பு அதனை மாற்ற வல்லது.

இந்த நிலைபேற்றை ஆங்கிலேய ஆட்சியில் முதலில் பயன்படுத்தியவர் வில்லியம் ஹெர்ஷல். வங்காளத்தின் ஜங்கிபூரில் அலுவல் பார்த்த அவர், 1858ஆம் ஆண்டில் சாலைக்குக் கல் தர இசைந்த ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கையைப் பத்திரத்தில் பதியச் செய்தார். பின்னர் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் விரற்பதிவு பெற்றார். இறந்தவர் பெயரில் பிறர் வந்து ஓய்வூதியம் பெறும் மோசடிக்கு அது தடையாயிற்று. ஆயினும் ஒரு பெரும் இடர் எஞ்சியது. இன்னார் எனத் தெரிந்த ஒருவரின் ரேகையை அவருடைய பழைய பதிவோடு ஒப்பிடலாம். பெயரை மாற்றிக்கொண்டு நிற்கும் ஒருவரின் ரேகையை ஆயிரக்கணக்கான தாள்களுள் எங்கே தேடுவது? இந்த வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் அசீசுல் ஹக்.

இளமை

இன்றைய வங்காளதேசத்தில் அடங்கிய குல்னா மாவட்டத்தின் பைக்ராம் கஸ்பா என்னும் ஊரில் 1872ஆம் ஆண்டு அசீசுல் ஹக் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரைப் படகு விபத்தில் இழந்து, மூத்தவரின் பாதுகாப்பில் வளர்ந்தார். வறுமை மிக்க குடும்பம். வளரும் சிறுவனுக்குப் பசி மிகுதி. பிறர் பங்கையும் சேர்த்து உண்டுவிட்டதற்காக அண்ணன் அடித்தார் என்றும், அதனைப் பொறாது பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார் என்றும் குடும்பத்தார் வழியே அறிகிறோம். கல்கத்தாவை அடைந்த அச்சிறுவனுக்கு ஒரு குடும்பம் அடைக்கலம் அளித்தது. அவ்வீட்டுப் பிள்ளைகளின் பாடங்களில் அவன் காட்டிய ஆர்வம் கண்டு அவனையும் படிக்க வைத்தனர். அக்கல்வி அவனை மாநிலக் கல்லூரி வரை கொண்டு சேர்த்தது. அங்கே கணிதத்திலும் அறிவியலிலும் சிறந்து விளங்கினார் ஹக்.

காவல்துறையில் ஒரு கணிதர்

அக்காலத்தில் வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்தவர் எட்வர்டு ஹென்றி. குற்றவாளிகளை அடையாளம் காணப் பிரான்சு நாட்டின் அல்போன்ஸ் பெர்ட்டிலான் வகுத்த உடல் அளவை முறையை அவர் நடைமுறைப்படுத்தி வந்தார். தலையின் நீள அகலம், நடுவிரலின் நீளம், பாதத்தின் நீளம் என உடலுறுப்புகளை அளந்து அட்டையில் எழுதி வைப்பது அம்முறை. புள்ளிவிவரங்களைக் கையாள வல்ல மாணவர் ஒருவரைத் தருமாறு ஹென்றி மாநிலக் கல்லூரியின் முதல்வரை வேண்ட, அவர் ஹக்கின் பெயரைச் சொன்னார். 1892ஆம் ஆண்டில் ஹக் உதவி ஆய்வாளராகப் பணியமர்ந்தார்.

ஒரு துறையை மேம்படுத்த முனைவோர் புதிய கருவிகளையே முதலில் தேடுவர். ஹென்றி ஓர் ஆளைத் தேடினார். அவருடைய நிருவாகத் திறனுள் இதனையே தலையாயதாகக் கொள்ளத் தோன்றுகிறது.

உடல் அளவை முறையின் குறை ஹக்குக்கு விரைவில் புலப்பட்டது. ஒரே மனிதரை இருவர் அளந்தால் இரு வேறு அளவுகள் கிடைத்தன. அளவுகோலை அழுத்திப் பிடிப்பவர், தளர்த்திப் பிடிப்பவர் என்னும் வேறுபாடே ஒருவரை மற்றொருவராக்கிவிடப் போதுமானதாக இருந்தது. விரற்பதிவில் இத்தொல்லை இல்லை. மை தடவி உருட்டினால் ரேகை தன்னைத் தானே எழுதிக்கொள்கிறது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் 1892ஆம் ஆண்டில் விரல் ரேகை குறித்து நூல் எழுதி, வில், கண்ணி, சுழி என மூவகை வடிவங்களைப் பிரித்துக் காட்டியிருந்தார். சங்கு, சக்கரம் என்று ரேகை பார்ப்போர் நம் ஊர்களில் கூறுவதும் ஏறத்தாழ இவ்வடிவங்களையே. எனினும் கால்டனின் பாகுபாடு பெருந்தொகுப்பில் தேடுவதற்கு உதவவில்லை. எண்ணிக்கை பெருகியபோது ஒரே பிரிவில் தாள்கள் மலைபோல் குவிந்தன.

ஆயிரத்து இருபத்து நான்கு அறைகள்

ஹக் வகுத்த முறையைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் எவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு செய்து பார்க்கலாம். வலக்கைப் பெருவிரல் தொடங்கிச் சிறுவிரல் வரை 1 முதல் 5 வரையும், இடக்கைப் பெருவிரல் தொடங்கிச் சிறுவிரல் வரை 6 முதல் 10 வரையும் எண்ணிடுக. விரல்களை இரண்டிரண்டாக இணைத்தால் ஐந்து இணைகள் கிடைக்கும். முதல் இணைக்கு மதிப்பு 16. அடுத்தடுத்த இணைகளுக்கு 8, 4, 2, 1. ஒரு விரலில் சுழி இருந்தால் அவ்விரலுக்கு அவ்விணையின் மதிப்பு உண்டு. வில்லோ கண்ணியோ இருந்தால் மதிப்பு சுழியம். இரட்டைப்படை விரல்களின் மதிப்புகளைக் கூட்டி ஒன்றைச் சேர்த்து மேலே எழுதுக. ஒற்றைப்படை விரல்களின் மதிப்புகளைக் கூட்டி ஒன்றைச் சேர்த்துக் கீழே எழுதுக. கிடைக்கும் பின்னமே அம்மனிதரின் இடம்.

ஒருவருக்கு வலக்கைப் பெருவிரலிலும் மோதிர விரலிலும் மட்டுமே சுழி இருப்பதாகக் கொள்வோம். மோதிர விரல் நான்காவது; அதன் மதிப்பு 8; ஒன்று சேர்க்க மேலே 9. பெருவிரல் முதலாவது, அதன் மதிப்பு 16, ஒன்று சேர்க்கக் கீழே 17. அவருடைய தாள் 9/17 என்னும் அறைக்குச் செல்லும். எந்த விரலிலும் சுழி இல்லாதவர் 1/1. பத்திலும் சுழி உடையவர் 32/32. முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்க 1024 அறைகள். பத்து விரல்கள், ஒவ்வொன்றுக்கும் சுழி உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலை எனக் கொண்டு இரண்டைப் பத்து முறை பெருக்கினாலும் அதே 1024 வரும். பெயரைக் கேளாமலே, ஊரை வினவாமலே, விரல்களை மட்டும் நோக்கி உரிய அறையைத் திறக்க வழி பிறந்தது.

அறைகள் யாவும் சமமாக நிரம்பவில்லை. 1/1 என்னும் அறையில் மிகப் பலருடைய தாள்கள் வந்து சேர்ந்தன. அங்கே மேலும் பகுக்க வேண்டியிருந்தது. அப்பணியில் பெரும்பங்கு கொண்டவர் ஹக்கின் உடன்பணியாளர் ஹேமச்சந்திர போஸ். உட்பிரிவுகளை வகுத்ததோடு, ரேகையின் விவரத்தைத் தந்தி வழியே அனுப்புவதற்கான குறியீட்டையும் அவர் அமைத்தார். படத்தை அனுப்ப வழியில்லாத காலத்தில் தொலைதூர நகரங்கள் இரண்டும் ஒரே ரேகையைப் பற்றிப் பேசிக்கொள்ள அது துணைசெய்தது.

இம்முறையை ஆராய அரசு 1897ஆம் ஆண்டில் குழு அமைத்தது. நில அளவைத் துறைத் தலைவர் சார்லசு ஸ்டிராகனும், வேதியியலாளர் அலெக்சாண்டர் பெட்லரும் அதன் உறுப்பினர்கள். காவல்துறைக்கு வெளியே உள்ள இரு அறிவியலறிஞர்களிடம் தீர்ப்பை விட்டது கருதத்தக்கது. உடல் அளவை முறையைவிட விரற்பதிவு எளிது, விரைவானது, உறுதியானது என அவர்கள் அறிவித்தனர். அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள் அரசு அதனை ஏற்றது. கல்கத்தாவில் விரல் ரேகைச் செயலகம் பிறந்தது.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு கொலை

இரண்டே மாதங்களில் செயலகத்துக்குச் சோதனை வந்தது. ஜல்பைகுரி மாவட்டத்தின் கத்தல்குரி தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டியிலிருந்த பணம் களவு போயிருந்தது. தோட்டத் தொழிலாளர்மீது ஐயம், சமையற்காரர்மீது ஐயம், அவ்வழியே சென்ற காபூல் வணிகர்மீதும் ஐயம். வலியோரின் ஐயம் எளியோர் தலையில் விழுவது அன்றைய வழக்கம். திறந்து கிடந்த பெட்டியிலிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் பழுப்பு நிறக் கறைகள் தென்பட்டன. அவற்றுள் ஒன்றில் வலக்கைப் பெருவிரலின் ரேகை தெளிந்திருந்தது.

பஞ்சாங்கம் கல்கத்தாவுக்குச் சென்றது. முன்பு அம்மேலாளரிடம் பணிபுரிந்து, களவுக்காகச் சிறை சென்று மீண்ட காங்காலி சரண் என்பவரின் பதிவோடு அந்த ரேகை பொருந்தியது. தொலைவிலுள்ள பீர்பூம் மாவட்டத்தில் அவர் பிடிபட்டார். கறையை ஆராய்ந்த அரசு வேதியியல் பரிசோதகர் அது பாலூட்டியின் குருதி என்று சான்றளித்தார்.

வேதியியல் பரிசோதகர் என்னும் பதவிக்கு நம் மண்ணோடு தொடர்பு உண்டு. இந்தியாவில் அத்தகைய முதல் ஆய்வகம் 1849ஆம் ஆண்டில் சென்னையில்தான் அமைந்தது. நஞ்சூட்டிக் கொன்றதாக ஐயம் எழுந்தால் இறந்தவரின் குடலும் இரைப்பையும் அங்கே ஆராயப்பட்டன. இன்றைய தடய அறிவியல் ஆய்வகங்களின் மூத்த கிளை அது.

வழக்கு 1898ஆம் ஆண்டில் நடந்தது. சரண் பெட்டியைத் திறந்து திருடினார் என்பதை ரேகை மெய்ப்பித்ததாக நீதிமன்றம் ஏற்றுத் தண்டனை வழங்கியது. கொலைக்குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. விரல் பஞ்சாங்கத்தைத் தொட்டது உறுதி. கத்தியைப் பிடித்தது அதே கை என்பதற்கு வேறு சான்று இல்லை. இத்தீர்ப்பைச் செயலகத்துக்கு நேர்ந்த அரைத்தோல்வியாகக் கருதுவோர் உண்டு. அதன் மிகச் சிறந்த பகுதியாக எனக்குத் தோன்றுவது அந்த விடுவிப்பே. சான்று எதுவரை பேசுகிறதோ அதுவரை மட்டுமே அதனைக் கேட்டனர் நீதிபதிகள். குற்றமற்ற தொழிலாளர் பலரின் மீதிருந்த ஐயமும் நீங்கிற்று. அடுத்த ஆண்டே, 1899இல், விரல் ரேகை வல்லுநரின் கருத்துக்கு இடமளிக்கும் வகையில் இந்தியச் சான்றுச் சட்டம் திருத்தப்பட்டது.

வல்லுநர் என்ற சொல்லுக்குப் பொறுப்பு மிகுதி. ஒரு நூற்றாண்டு கழிந்து, 2004ஆம் ஆண்டில் மாட்ரிட் தொடர்வண்டிக் குண்டுவெடிப்பு வழக்கில், அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனம் பையொன்றில் கிடைத்த ரேகையைத் தம் நாட்டவர் ஒருவருடையது எனப் பிழையாக முடிவுசெய்து அவரைச் சிறைவைத்தது. கணினி எடுத்துத் தந்த நெருங்கிய ஒப்புமையை வல்லுநர்கள் முழு ஒப்புமையாகக் கண்டதே பிழை. ஸ்பெயின் காவல்துறை வேறொருவரைக் கண்டறிந்த பின்னரே அவர் விடுதலை பெற்றார். 2009இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் சார்பில் வெளிவந்த அறிக்கை, தடய ஆய்வகங்களில் அடிப்படை ஆராய்ச்சியும் முறையான பயிற்சியும் தகுதிச் சான்றும் வேண்டும் என வற்புறுத்தியது. தேடுவது கருவியால் இயலும். முடிவு சொல்வதற்குப் பயின்ற கண் வேண்டும் என்னும் நிலை 1897இலும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

பெயரும் புகழும்

விரல் ரேகைப் பாகுபாடு குறித்த நூலை 1900ஆம் ஆண்டில் ஹென்றி தம் பெயரில் வெளியிட்டார். மறு ஆண்டில் இலண்டனுக்கு மாற்றப்பட்டு, ஸ்காட்லாந்து யார்டில் விரல் ரேகைச் செயலகத்தைத் தொடங்கினார். அங்கிருந்து அம்முறை உலகெங்கும் பரவியது. ஹென்றி முறை என்னும் பெயரும் உடன் பரவியது. கல்கத்தாவில் கணக்கிட்டவர்களின் பெயர்களை உலகம் அறியவில்லை.

ஹக் வாளாவிருக்கவில்லை. தம் பங்களிப்பை ஏற்குமாறு அரசிடம் முறையிட்டார். பீகார் தனி மாகாணமானபோது அம்மாகாணக் காவல் பணியில் சேர்ந்தார். கான் சாகிப், கான் பகதூர் என்னும் பட்டங்களும் ஐயாயிரம் ரூபாய் மதிப்பூதியமும் காலம் தாழ்ந்து வந்தன. ஹேமச்சந்திர போசுக்கும் ராய் பகதூர் பட்டமும் மதிப்பூதியமும் கிடைத்தன. ஓய்வுபெற்றிருந்த ஹென்றி, 1926ஆம் ஆண்டில் இலண்டன் இந்திய அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில், பாகுபாட்டு முறையைச் செம்மையாக்கியதில் தம் பணியாளர் எவரினும் ஹக்கின் பங்கே மிகுதி என ஒப்புக்கொண்டார். கால் நூற்றாண்டு தாழ்ந்த சொல் எனினும் அது சொல்லப்பட்டது.

ஓய்வுக்குப் பின் பீகாரின் மோதிஹாரியில் வாழ்ந்த அசீசுல் ஹக், 1935ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். ஹேமச்சந்திர போஸ் 1949ஆம் ஆண்டில் மறைந்தார். பிரித்தானியாவிலுள்ள விரல் ரேகைச் சங்கம் பின்னாளில் இவ்விருவர் பெயரையும் இணைத்து ஒரு பரிசை நிறுவியது. தடய அறிவியலில் புதியன கண்டறிவோர்க்கென அது நிறுவப்பட்டது.