மணல்தட்டில் ஓர் உலகம்

தன் துயரத்தைச் சொல்லத் தெரியாத குழந்தையின் மனத்தை எவ்வாறு அறிவது? இந்த வினாவுக்கு விடை காணவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட்.

இவர் 1890ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். சிறுவயதில் அடிக்கடி நோயுற்றார். பெற்றோரின் பிரிவும் அவரை வாட்டியது. எனினும், மனந்தளராமல் படித்து 1918இல் மருத்துவரானார். முதல் உலகப்போருக்குப்பின் தம் தந்தையின் தாயகமான போலந்துக்குச் சென்று தொண்டாற்றினார். போரின் கொடுமையை அனுபவித்த குழந்தைகளுள் சிலர் மீண்டெழுந்தனர், சிலரால் இயலவில்லை. இந்த வேறுபாடு அவரை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது.

1928இல் லோவன்ஃபெல்ட் இலண்டனில் குழந்தைகளுக்கான மனநல மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், தம் மகன்களுடன் தரையில் பொம்மை நகரங்களை அமைத்து விளையாடியதைப் பற்றி எழுதிய நூலை அவர் முன்பே படித்திருந்தார். அதன் நினைவில், சிறு பொம்மைகளையும் வண்ணத் துண்டுகளையும் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தார். குழந்தைகள் அதனை 'வியப்புப் பெட்டி' என்றனர். பின்னர், துத்தநாகத் தட்டில் மணலும் அருகில் நீரும் வைக்கப்பட்டன. குழந்தைகள் மணலில் வீடு, விலங்கு, மனிதர் எனப் பொம்மைகளை அடுக்கித் தங்கள் 'உலகத்தை' உருவாக்கினர்.

அக்காலத்தில் மெலனி கிளைன் போன்றோர், குழந்தையின் விளையாட்டுக்குத் தங்கள் கோட்பாட்டின்படி பொருள் கூறி, அதைக் குழந்தையிடமே எடுத்துரைத்தனர். லோவன்ஃபெல்ட் இம்முறையை ஏற்கவில்லை. பெரியவரின் ஊகம் குழந்தையின் கருத்தாகிவிடாது என்பது அவர் கொள்கை. ஆகவே, குழந்தை அமைத்த உலகத்தை வரைந்து வைத்தல், குழந்தை கூறும் விளக்கத்தை அவ்வாறே குறித்தல், அடுத்தடுத்து அமைத்த உலகங்களை ஒப்பிடுதல் ஆகியவற்றை வழக்கமாக்கினார். இப்பதிவுகளே குழந்தையிடம் ஏற்பட்ட மாற்றத்தைக் காட்டின.

அவர் உருவாக்கிய மற்றொரு கருவி, ஆறு நிறங்களில் 456 துண்டுகள் கொண்ட மொசைக் சோதனை. இதில் சரி, தவறு என்ற விடையில்லை. குழந்தை விரும்பியதை அமைக்கலாம். அந்த வடிவம் தாளில் பதிவு செய்யப்படும்.

1973இல் லோவன்ஃபெல்ட் மறைந்தார். அவரிடம் பயின்ற டோரா கால்ஃப், சுவிட்சர்லாந்தில் மணல் விளையாட்டுச் சிகிச்சையை வளர்த்தார். இன்று பல நாடுகளில், பேசத் தயங்கும் குழந்தைகளின் முன் மணல்தட்டு வைக்கப்படுகிறது. அவர்களுக்கு விளக்கம் சொல்வதற்குமுன் அவர்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதே லோவன்ஃபெல்ட் கற்றுத்தந்த பாடம்.