அக்காக்கள் படித்த பாடம்

களக்காடு பக்கம் உள்ள தோனாவூரை நெல்லைக் குட்டீஸ் பலருக்குத் தெரியும். அங்கே வாழ்ந்தவர் ஏமி கார்மைக்கேல். 1867ல் அயர்லாந்தில் பிறந்தவர்; 1895ல் இந்தியா வந்தார்.

சிறுமிகளைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அப்போது இருந்தது. அதற்குப் பயந்து, 1901ல் ஒரு சிறுமி தப்பி வந்து இவரிடம் சேர்ந்தாள். பிறகு பலர் வந்தனர். 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்தன. அங்கேதான் சிக்கல்! தாய்ப்பால் இல்லாத சிசுவை வளர்ப்பது லேசா? அன்பு மட்டும் இருந்தால் போதுமா? சில குழந்தைகள் இறந்தே போயின.

எனவே, ஆஸ்பத்திரி இருந்த நெய்யூரில் ஒரு குழந்தைகள் இல்லம் துவங்கினார். பொன்னம்மாள் என்ற விதவைப் பெண் அதன் பொறுப்பை ஏற்றார். எந்தக் குழந்தைக்கு எவ்வளவு பால், அதை எப்படிக் கலப்பது என்று பொறுமையாகக் கற்றார். இளம் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார். குழந்தைக்குப் பால் புகட்டுவதும் துணி துவைப்பதும் மட்டமான வேலை என்று படித்தவர்கள் ஒதுங்கிய காலம் அது!

தோனாவூரில் குழந்தைகளை வளர்த்த தமிழ்ப் பெண்கள் எல்லாரும், 'அக்கா'. வெளிநாட்டுப் பெண்கள், 'சித்தி'. அங்கே வளர்ந்த சிறுமிகள், பின்னால் வந்த குழந்தைகளுக்குத் தாங்களே அக்கா ஆனார்கள். சிலர் நர்ஸ் வேலையும் கற்றனர்.

1931ல் கீழே விழுந்து அடிபட்ட ஏமி, பெரும்பாலும் அறையிலேயே இருந்து, 1951ல் இறந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தனர். அதில் அவர் பெயர் இல்லை. அவர்கள் அவரைக் கூப்பிட்ட சொல் மட்டுமே உண்டு.